யூதர் சபை வாழ்வில் தலைமை

கி. பி. 70 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் உரோமப் படைகள் எருசலேம் நகரின் உள்மதில்களைத் தகர்த்து முன்னேறின. யூதர் தம் வழிபாட்டுக்கு நடுநாயகமாகக் கொண்டிருந்த ஆலயம் தீக்கிரையாயிற்று. பலிபீடம் அழிந்தது, பலியிடும் குருமாரின் தொழிலும் அன்றோடு ஒழிந்தது. ஆண்டுதோறும் முப்பெரு விழாக்களுக்காக நெடுந்தூரம் நடந்து வந்து கூடிய மக்கள், இனிக் கூடுதற்கு ஓரிடமின்றி நின்றனர். பண்டை உலகில் கோயிலையும் நாட்டையும் ஒருசேர இழந்த இனங்கள் பல. அவற்றுட் பெரும்பாலானவை இரண்டு மூன்று தலைமுறைகளுள் வென்றவரோடு கலந்து பெயரும் இன்றி மறைந்தன. யூதர் அவ்வாறு மறைந்திலர். அதற்குக் காரணம் அவர்தம் சமயப் பற்றே என்பது பொதுவாகச் சொல்லப்படும் விடை. அது பொய்யன்று; ஆயினும் முழு விடையும் அன்று. பற்று மிக்க வேறு பல இனங்களும் அழிந்தே போயின. யூதரிடையே தலைமை என்பது யாரிடம் இருந்தது, எதனால் உண்டாயிற்று, எவ்வளவிற் கட்டுப்பட்டது என்பவற்றையும் சேர்த்து ஆராய்ந்தாலன்றி அவ்விடை நிரம்பாது.

ஆலயம் இருந்த காலத்திலே தலைமை பெரும்பாலும் பிறப்பின்வழி வந்தது. ஆரோனின் வழித்தோன்றல்களே குருமாராதல் கூடும். அவர்களுக்குத் துணையாக நின்ற இலேவியரும் ஒரு குலத்தவரே. தலைமைக் குருவின் பதவி தொடக்கத்தில் வாழ்நாள் முழுவதற்கும் உரியதாய் இருந்தது. ஏரோது மன்னன் காலத்திலிருந்து அது ஆட்சியாளர் விரும்பியபடி கொடுத்துப் பறிக்கும் பொருளாயிற்று. ஏரோது தொடங்கி ஆலயம் அழியும் வரையுள்ள 107 ஆண்டுகளில் 28 பேர் அப்பதவியில் இருந்தனர் என்று, அக்காலத்து யூத வரலாற்றாசிரியரான யோசேபசு கணக்குக் கூறுகிறார். சராசரி நான்காண்டுக்கு ஒருவர். இத்தகைய தலைமையின்மீது மக்களுக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் என்பது விளக்க வேண்டாதது. எனவே ஆலயம் வீழ்ந்த நாளில் வீழ்ந்த குருமார் தலைமை, உள்ளே முன்னரே உளுத்துப்போன ஒன்று எனல் தகும்.

மற்றொரு தலைமை அதற்கு முன்பே முளைகொண்டிருந்தது. திருநூலைக் கற்று, அதன் விதிகளை ஆராய்ந்து, மாணாக்கருக்கு உரைத்த அறிஞர் கூட்டமே அது. அவர்களுள் ஒருவர் யோகனான் பென் சக்காய். எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்தபோது, நகரை விட்டு எவரும் வெளியேறாதவாறு போர்வெறி கொண்ட கட்சியினர் வாயில்களைக் காத்து நின்றனர். யோகனான் இறந்துவிட்டதாகச் சொல்லி, அவரைப் பாடையிற் கிடத்தி மாணாக்கர் வெளியே சுமந்து சென்றனராம். அவர் உரோமத் தளபதி வெசுபாசியனைக் கண்டு, யவ்னே என்னும் ஊரையும் அங்குள்ள அறிஞரையும் தமக்குத் தருமாறு வேண்டினார் என்பது தல்மூத் கூறும் செய்தி. இக்கதையின் நுணுக்கங்களை வரலாற்றாசிரியர் பலர் ஐயுறுவர். எருசலேமையே காத்துத் தரும்படி கேட்டிருக்க வேண்டாவா என்று பிற்கால அறிஞருட் சிலரே குறை கூறியிருக்கின்றனர்; அக்குறையையும் தல்மூத் மறையாது எழுதி வைத்திருக்கிறது. எவ்வாறாயினும், கடற்கரையை அடுத்த சிற்றூராகிய யவ்னேயில் அறிஞர் அவையொன்று கூடியதும், பலிக்கு ஈடாக வழிபாடும் கல்வியும் அறச்செயலும் நிற்கும் என்ற கொள்கை அங்கே வலுப்பெற்றதும் ஐயத்துக்கு இடமில்லாதவை.

இக்கொள்கையினால் விளைந்த மாற்றம் பெரிது. இரபி என்னும் சொல்லைக் கேட்டவுடன், பூசை செய்யும் குருக்கள் அல்லது கிறித்தவப் பாதிரியார் போன்ற ஒருவர் நம் நாட்டு வாசகர் நினைவுக்கு வருவது இயல்பு. அவ்வாறு நினைப்பது பிழை. இரபி என்பார் நூல்வல்ல ஆசிரியர். வழக்கை ஆராய்ந்து விதி கூறுபவர். அவர் இல்லாமலே தொழுகை நடைபெறும். வேண்டுவது பத்து ஆடவர். பதின்மூன்று வயது நிரம்பியவராய் இருந்தாற் போதும். ஒன்பது இரபிமார் கூடினும் கூட்டுத் தொழுகை தொடங்காது. பத்துச் செருப்புத் தைப்போர் கூடினால் தொடங்கும் என்று யூதரிடையே ஒரு பழமொழி வழங்குகிறது. முன்னின்று தொழுகை நடத்துபவருக்கு அவர்கள் இட்ட பெயரின் பொருள், சபையின் தூதர் என்பது. அவர் இறைவனால் சபைக்கு அனுப்பப்பட்டவர் அல்லர். சபையால் இறைவன்பால் அனுப்பப்பட்டவர். குருகுலத்தார்க்கு எஞ்சியவை, ஆசிமொழி கூறுதலும் திருநூல் வாசிப்புக்கு முதலில் அழைக்கப்படுதலும் போன்ற சில மரியாதைகளே. மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பு இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. குலவரிசையை முதலிற் சொல்லிவிட்டு, விலக்கப்பட்ட உறவிற் பிறந்தவன் கற்றவனாகவும் தலைமைக் குரு கல்லாதவனாகவும் இருப்பின், கற்றவனுக்கே முதன்மை என்று அது விதிக்கிறது. பிறப்பையே பெரிதாகக் கருதிய ஓர் உலகில் எழுந்த விதி இது.

ஆயின் கல்வியால் வரும் தலைமையும் செருக்குக் கொள்ளும். அதற்கு யவ்னேயே சான்று. யோகனானுக்குப் பின் அவ்வவைக்குத் தலைவரானவர் இரண்டாம் கமாலியேல். புகழ்பெற்ற கில்லெல் என்பாரின் வழித்தோன்றல், பெருஞ் செல்வர், ஒற்றுமையைக் காக்கும் பொருட்டு எவரையும் அடக்கத் தயங்காதவர். அக்காலத்தில் மாதப் பிறப்பு, பிறை கண்ட சாட்சிகளின் வாக்கைக் கொண்டு உறுதி செய்யப்பட்டது. ஒருமுறை கமாலியேல் ஏற்ற சாட்சி பொய்யென்று அறிஞர் சிலர் எண்ணினர். யோசுவா பென் கனனியா என்பாரும் அக்கருத்தை ஒப்பினார். அவர் கணக்குப்படி பாவநிவாரண நாள் வேறொரு நாளில் வருதல் வேண்டும். அந்நாள் ஆண்டிலேயே மிகப் புனிதமானது. கைத்தடி ஏந்துதலும் பணப்பை சுமத்தலும் அந்நாளில் ஆகா. கமாலியேல் அந்த நாளைக் குறித்தே, கைத்தடியும் பணப்பையுமாகத் தம்முன் வந்து நிற்குமாறு யோசுவாவுக்கு ஆணையிட்டார். யோசுவா மனம் நொந்தார். ஆயினும் பணிந்து சென்றார். கமாலியேல் எழுந்து அவரை முத்தமிட்டு, அறிவினால் நீர் என் ஆசிரியர், பணிவினால் என் மாணாக்கர் என்னும் கருத்துப்படப் பேசினார். நாள்காட்டி இரண்டுபட்டால் சிதறிய இனம் இரண்டுபடும் என்று அவர் அஞ்சியது நியாயமே. அந்த அளவில் அவர் செயலைக் கடிதலும் அரிது.

வேறொரு சமயத்திலும் யோசுவா அவ்வாறே அவமதிக்கப்பட்டார். பின்னர் வந்தது மாலைத் தொழுகை பற்றிய வழக்கு. அது கட்டாயமா, விருப்பமா என்று ஒரு மாணாக்கர் கேட்டார். விருப்பம் என்றார் யோசுவா. கட்டாயம் என்றார் கமாலியேல். அவை கூடியபோது, மாறுபட்டவர் எவரேனும் உளரோ எனத் தலைவர் வினவினார். யோசுவா, இல்லை என்று ஒதுங்கப் பார்த்தார். கமாலியேல் விடவில்லை. அவரை எழுந்து நிற்கச் செய்து, தாம் அமர்ந்தபடியே பாடத்தைத் தொடர்ந்தார். முதியவராகிய யோசுவா நின்றுகொண்டேயிருந்தார். அவையில் முணுமுணுப்பு எழுந்தது. தலைவரின் சொல்லை உரத்துக் கூறும் பணியாளரை நோக்கி, நிறுத்துக என்று கூட்டத்தார் கூவினர். அவரும் நிறுத்தினார். பேரரசன் ஒருவனிடம் படையிருக்கும். கமாலியேலிடம் இருந்தது ஒருவரின் குரலே. அக்குரல் அடங்கியதும் தலைமையும் அடங்கியது.

அன்றே அவரை நீக்கினர். அவ்விடத்துக்கு யாரை அமர்த்துவது? யோசுவாவை அமர்த்தினால் பழிவாங்கியது போலாகும். எனவே எலெயாசர் பென் அசரியா என்பாரைத் தேர்ந்தனர். அவர் அறிஞர், செல்வர், எசுறாவின் பத்தாம் தலைமுறையினர். வயதோ பதினெட்டு என்று பாபிலோனியத் தல்மூத் கூறும். அவர் தம் மனைவியைக் கலந்தார். நாளை உம்மையும் நீக்குவரே என்றாள் அவ்வம்மை. விலையுயர்ந்த கண்ணாடிக் கிண்ணத்தை ஒருநாள் எடுத்தாளலாம், மறுநாள் உடையினும் உடைக என்பதுபோல் அவர் விடையிறுத்தார். பதவியை இவ்வளவு எளிதாகக் கருதியவர் பதவிக்கு வந்த கதைகள் உலகிற் சிலவே.

புதிய தலைவர் செய்வித்த முதல் மாற்றம் வாயிற்காவலனை விலக்கியது. உள்ளும் புறமும் ஒத்தவரன்றி வேறு மாணாக்கர் நுழையலாகாது என்பது கமாலியேல் வகுத்த விதி. அகத்தூய்மையை வாயிற்காவலன் எவ்வாறு அளந்தான் என்பது கேட்கத்தக்க வினா. அவன் நீங்கிய அன்று கல்விக்கூடத்திற் புதிதாகப் போட வேண்டியிருந்த வாங்குகள் நானூறு என்பர். எழுநூறு என்பாரும் உளர். எண்ணிக்கை கதைக்கே உரிய மிகையாகலாம். ஆயின் நீக்கப்பட்ட கமாலியேலின் உள்ளத்தில் அவ்வாங்குகள் எழுப்பிய அச்சம் கதைக்கு அப்பாற்பட்ட உண்மை: இத்தனை பேருக்குக் கல்வியை மறுத்தது தானோ என்று அவர் கலங்கினார். சினந்து வீட்டில் அடைந்து கிடக்கவும் இல்லை. அன்றும் அவைக்கு வந்து, மற்றவரோடு ஒருவராய் இருந்து வாதிட்டார்.

பின்னர் அவர் மன்னிப்புக் கேட்க யோசுவாவின் இல்லத்துக்குச் சென்றார். சுவர்கள் கரிபடிந்து கறுத்திருந்தன. அவற்றைக் கண்ட பிறகுதான், யோசுவா கரித்தொழில் அல்லது கொல்லுத் தொழில் செய்து வயிறு வளர்ப்பவர் என்பது கமாலியேலுக்குத் தெரிந்தது. பல்லாண்டு ஒரே அவையில் அமர்ந்தும், எதிரில் இருந்தவர் எப்படி உண்கிறார் என்பதை அறியாத தலைவர்! அறிஞர்படும் பாட்டை அறியாத உம்மைத் தலைவராகக் கொண்ட தலைமுறை இரங்கத்தக்கது என்று யோசுவா கூறியது, அவமதிப்புக்கு விடையன்று; அறியாமைக்கு விடை. முதலில் இணங்காதவர், கமாலியேலின் குடிப்பெருமையை முன்னிட்டுப் பின்னர் மன்னித்தார். கமாலியேல் மீண்டும் தலைமை ஏற்றார். எலெயாசர் முற்றாக விலக்கப்படவில்லை. முறைவைத்து அவரும் பாடம் உரைத்தார். யோசுவா வேண்டியது கமாலியேலின் வீழ்ச்சியன்று என்பதும் இதனால் விளங்கும். இந்நிகழ்ச்சியைத் தங்கள் தலைவர்க்கு இழுக்கு என்று மறைத்துவிடாமல், சட்டநூலினுள்ளேயே வைத்துத் தலைமுறை தலைமுறையாக மாணாக்கருக்குக் கற்பித்தமைதான் இம்மரபின் தனிச்சிறப்பு.

இடைக்காலத்தில் யூதர் வாழ்ந்த நாடுகளில் ஒவ்வோர் ஊர்ச்சபையும் தன் வரியைத் தானே பகிர்ந்து, ஏழைகளைத் தானே பேணி, வழக்குகளைத் தானே தீர்த்தது. இரபியோடு சபை நிருவாகிகளும் தலைமையைப் பகிர்ந்துகொண்டனர். 11 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரைன் ஆற்றங்கரை நகராகிய மைன்சில் வாழ்ந்த இரபி கெர்சோம், ஒருவன் பல மனைவியரை மணத்தலைத் தடைசெய்ததாக மரபு கூறும். அவரிடம் காவலர் இலர், சிறை இல்லை. ஊர்ச்சபைகள் ஒவ்வொன்றாக ஏற்றமையாலேயே அவ்விதி ஐரோப்பிய யூதரிடையே நிலைத்தது. அவ்வட்டாரச் சபைகளில் இன்னொரு வழக்கமும் இருந்தது. தனக்கு நீதி கிடைக்கவில்லை என்று கருதும் ஒருவர், அவர் எத்துணை எளியவராயினும், செபாலயத்தில் எழுந்து திருநூல் வாசிப்பையே இடைமறிக்கலாம். அவர் முறையீட்டைச் சபை செவிமடுக்கும் வரை வாசிப்புத் தொடராது. பெண்களும் இவ்வுரிமையைக் கையாண்டதுண்டு. வழிபாடு தடைப்படுவது பெருங்குற்றம் என்று கருதிய மக்களே, அநீதியை மூடிவைத்து வழிபடுவது அதனினும் பெரிய குற்றம் என்று துணிந்தனர் போலும்.

இரபி ஊதியம் பெறலாமா என்பது நெடுங்காலம் தீராத வழக்கு. திருநூலறிவைக் கூலிக்கு விற்றல் ஆகாது என்று மிகக் கடுமையாக எழுதியவர் மைமோனிடிசு. அவ்வுரையை அவர் முடித்தது 1168 இல். அக்காலத்தில் அவர் தம்பி தாவீது வாணிகம் செய்து குடும்பத்தைத் தாங்கினார். பின்னர் இந்து சமுத்திரத்திற் கப்பல் மூழ்கித் தம்பியும் செல்வமும் ஒருங்கே அழிய, மைமோனிடிசு மருத்துவத் தொழிலால் வாழ்ந்தாரேயன்றிச் சபையிடம் கைநீட்டவில்லை. எழுதியதை வாழ்ந்து காட்டியவர் என்று அவரைப் பாராட்டலாம். ஆனால் எல்லாரும் மருத்துவராதல் இயலுமா? 1391 இன் கலகத்துக்குப் பின் இசுப்பானிய நிலத்தை விட்டு அல்சியர்சு சென்ற இரபி சிமியோன் துரான், பிழைப்புக்கு வேறு வழியின்றி ஊதியம் ஏற்றார். அது கல்விக்கு விலையன்று, வேறு தொழில் செய்யாது இழக்கும் நேரத்துக்கு ஈடு என்று அமைதி கூறப்பட்டது. இவ்வமைதி சற்றே வளைந்தது எனினும், அதன்வழியே ஏழை மாணாக்கனும் இரபியாதல் கூடிற்று.

ஊதியம் கொடுப்பவர் கை மேலோங்குதல் இயற்கை. 1656 இல் ஆம்சுடர்தாம் நகரத்து யூதர், இருபத்து மூன்று வயதினரான இசுபினோசாவைச் சபைவிலக்குச் செய்தனர். அவ்வாணையைப் பிறப்பித்தவர் இரபிமார் அல்லர். செல்வ வணிகரான நிருவாகிகள். போலந்தில் 16 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு 1764 வரை நிலவிய நான்கு நாட்டுப் பேரவை, லூப்ளின் முதலிய நகரங்களின் சந்தைக் காலத்திற் கூடி இலட்சக்கணக்கான யூதரின் வரியைப் பங்கிட்டது. அதன்மீதும் செல்வருக்குச் சாய்ந்தது என்ற குறை எழாமல் இல்லை. 18 ஆம் நூற்றாண்டில் எழுந்த கசித இயக்கம் எளிய மக்களின் பக்தியைப் போற்றித் தொடங்கியது. ஆயினும் சில தலைமுறைகளில் அதன் குருமாரும் தந்தைக்குப் பின் மகன் என்று பரம்பரையாயினர். நெப்போலியன் காலந்தொட்டு மேற்கு ஐரோப்பிய அரசுகள் யூதரைக் குடிகளாக ஏற்றபின், சபைவிலக்கு என்னும் படைக்கலம் மழுங்கிற்று. 1935 இல் செருமனியில் றெகினா யோனாசு என்னும் பெண்மணி இரபிப் பட்டம் பெற்றார். 1944 இல் அவர் அவுசுவித்சு முகாமிற் கொல்லப்பட்டார். அவருக்குப்பின் மற்றொரு பெண் இரபியாக ஏற்கப்பட 1972 வரை ஆயிற்று.

இரபியே இல்லாத யூத சபை எவ்வாறு நடக்கும் என்பதற்குச் சான்று தென்னிந்தியாவில் உண்டு. சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன் கி. பி. 1000 ஆம் ஆண்டையொட்டி யோசேப்பு இரப்பான் என்பாருக்கு வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. அதன் மொழி, தமிழும் மலையாளமும் முற்றாகப் பிரியாத காலத்தது. அஞ்சுவண்ணமும், பகல்விளக்கு, பல்லக்கு, குடை முதலாக எழுபத்திரண்டு உரிமைகளும் அதனால் அவருக்குக் கிடைத்தன. இவை அரசவையில் உயர்ந்தோர்க்குரிய சிறப்புக்கள். பெற்றவர் வணிகத் தலைவர். பிற்காலத்தில் கொச்சி மன்னர் யூதரின் தலைவருக்கு முதலியார் என்ற பட்டம் வழங்கினர். மட்டாஞ்சேரியில் அரண்மனையை அடுத்து 1568 இல் எழுந்த பரதேசிப் பள்ளியில், இரபிப் பட்டம் பெற்ற தலைவர் இருந்து ஆண்டதில்லை. மூத்தோரும் நூலறிந்த குடும்பத் தலைவருமே தொழுகை நடத்தினர், வழக்குத் தீர்த்தனர். நூற்றாண்டுகள் பல இவ்வாறு சென்றும் அச்சபை விதிகளை மறந்திலது. பத்துப் பேர் கூடினாற் போதும் என்ற கொள்கைக்கு இதனினும் சிறந்த வெற்றி வேண்டியதில்லை.

ஆனால் அதே சபை, அக்கொள்கையின் மறுபக்கத்தையும் காட்டியது. கொச்சியில் மலபார் யூதர் என்றும், பின்வந்த பரதேசி யூதர் என்றும், விடுதலை பெற்ற அடிமைகளின் வழியினர் என்றும் பிரிவுகள் இருந்தன. பரதேசியர் ஏனையோரோடு மணவுறவு கொள்ள மறுத்தனர். 16 ஆம் நூற்றாண்டில் இவ்வழக்குக் கெய்ரோவுக்கு எழுதப்பட்டது. அக்காலத்துப் பேரறிஞரான இரபி தாவீது இபின் சிம்ரா, முறைப்படி நீராட்டுச் சடங்கு நிறைவேறிய பின் மணவுறவுக்குத் தடையில்லை என்று தீர்ப்புரைத்தார். தீர்ப்பு வந்தது, நடைமுறை மாறவில்லை. கமாலியேலின் செருக்கை அடக்கிய அதே ஆற்றல், அதாவது சபை ஏற்றாலன்றித் தலைமை இல்லை என்னும் நிலை, இங்கே நீதியான தீர்ப்பைச் செல்லாக்காசாக்கிற்று. குருவை விடக் கற்றவன் உயர்ந்தவன் என்று மிஷ்னாவைப் படித்தவர்களே, விடுதலை பெற்றோரின் மக்களைத் தங்களோடு ஒப்ப அமரவிடவில்லை. அவர்கள் பரதேசிப் பள்ளியில் தரையிலோ முன்கூடத்துப் படியிலோ இருக்க வேண்டும். திருநூல் வாசிப்புக்கு அவர்களை அழைப்பதில்லை.

அவ்வழியில் 1882 இற் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சாலேம். சட்டம் பயின்று வழக்கறிஞரானார். கொச்சிச் சட்டசபையில் உறுப்பினராயிருந்தார். தொழிலாளர்க்காகவும் விடுதலை இயக்கத்துக்காகவும் மேடையேறினார். வெளியே மக்கள் செவிமடுத்துக் கேட்ட அவருக்கு, தம் சொந்தச் செபாலயத்தில் வாங்கு இல்லை. சில காலம் அவர் அப்பள்ளியைப் புறக்கணித்தார். பின்னர் காந்தியடிகளின் அறப்போர் முறையை அதற்குள்ளேயே கொண்டு சென்றார். யூத காந்தி என்னும் பெயர் அவருக்கு வழங்கலாயிற்று. அவர் வேறு பள்ளி கட்டிக்கொண்டு போகவில்லை என்பது குறிக்கத்தக்கது. நூலில் உள்ள விதியையே சபையார் முன் நிறுத்தினார்; இளைய தலைமுறையினர் சிலர் மனம் மாறினர்; தடைகள் ஒரே நாளில் அன்றி ஒவ்வொன்றாய்த் தளர்ந்தன. முதலில் வாங்கும், பின்னர்த் திருநூல் வாசிப்புக்கு அழைப்பும் கிடைத்தன.

அவ்வுரிமை நிலைத்த சில ஆண்டுகளுள் மலபார் யூதருட் பெரும்பாலோர் புதிய இசுரேல் நாட்டுக்குக் குடிபெயர்ந்தனர். பரதேசியரும் மெல்ல மெல்லச் சென்றனர். சாலேம் கொச்சியிலேயே இருந்து 1967 இற் காலமானார். பரதேசிப் பள்ளி இன்றும் நன்கு பேணப்படுகிறது. சீனத்து நீலவண்ண ஓடுகள் பதித்த தரையும், தொங்கு விளக்குகளும், செப்பேடும் காணப் பயணிகள் நாள்தோறும் வருகின்றனர். தொழுகைக்கு வேண்டிய பத்துப் பேர் அவ்வூரில் இப்போது இல்லை.